ஆறு ஏக்கர் ஏரி, ஆறு பேர், பன்னிரண்டு தூண்டில்

முதலில் ஒரு கணக்கு. இங்கிலாந்தின் தென்பகுதியில், சரளைக்கல் தோண்டிய குழியில் நீர் நிறைந்து உருவான ஆறு ஏக்கர் ஏரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது கெண்டை, கொஞ்சம் டெஞ்ச், ஒரு சிறு பிரீம் கூட்டம் (இரண்டும் இங்குள்ள நன்னீர் மீன்கள்). வெள்ளி மதியம் முதல் ஞாயிறு மதியம் வரை ஏரி முழுவதையும் ஆறு பேர் சேர்ந்து எடுத்திருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று கிலோ பாய்லி (மாவை உருட்டி வேகவைத்த இரை உருண்டை) கொண்டு வருகிறார்கள். தனி ஆளுக்கு மூன்று கிலோ பெரிய அளவில்லை. ஆறு பேருக்கு 18 கிலோ. 15 மில்லிமீட்டர் உருண்டை கிலோவுக்குச் சுமார் 500 வரும். ஆக 9,000 உருண்டை, கெண்டை ஒன்றுக்கு 225. அவற்றில் முள்ளோடு இருப்பவை, ஆளுக்கு இரண்டு தூண்டில் வீதம், பன்னிரண்டே பன்னிரண்டு.

கூட்டாகப் போகும் வார இறுதிகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் கெடுகின்றன. ஒவ்வொருவரும் தனியாக வந்தால் என்ன செய்வார்களோ அதையே செய்கிறார்கள். அதை ஆறால் பெருக்கினால் என்ன ஆகும் என்று யாரும் பார்ப்பதில்லை. இரைக்கு மட்டுமல்ல, ஈயக்குண்டு விழும் சத்தத்துக்கும், நீருக்குள் கிடக்கும் தூண்டில் நரம்புக்கும், கரையில் நடக்கும் காலடிக்கும் இதே பெருக்கல்தான்.

ஸ்பெசிமன் ஏரி என்றால் மீன் குறைவு, இருப்பது பெரிது. வழக்கமாக 20 ராத்தல் கெண்டை, 7 ராத்தல் டெஞ்ச், 10 ராத்தல் பிரீம், 2 ராத்தல் ரோச் என்று ஆளாளுக்கு ஒரு கோடு வைத்திருப்பார்கள். (20 ராத்தல் ஏறக்குறைய ஒன்பது கிலோ.) ஏரி பெரிதாக இருந்தால்தான் மீன் பெரிதாகும் என்பதில்லை. ரிச்சர்ட் வாக்கர் 1952 செப்டம்பரில் 44 ராத்தல் கெண்டையைப் பிடித்து சாதனை படைத்த ரெட்மயர் குளம் மூன்று ஏக்கர்தான். அந்த மீனை லண்டன் விலங்குக் காட்சிச்சாலையின் மீன்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். இன்று அப்படி யாரும் செய்ய மாட்டார்கள். எடை போட்டு, படம் எடுத்து, அதே தண்ணீரில் விட்டுவிடுவதுதான் வழக்கம்.

நம் ஆட்கள் சேர்ந்து போகும்போது கட்டாயம் எழும் கேள்வி: ஒன்றிரண்டைக் குழம்புக்கு எடுத்தால் என்ன? எடுக்கக் கூடாது. தனியார் நீரில் மீன் ஏரிக்காரருக்கு உரியது. அனுமதியில்லாமல் எடுப்பது 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டப்படி குற்றம். அது போக, இருபது முப்பது வயதான, பெயர் வைத்து அழைக்கப்படும் மீன்கள் இவை. குழம்புக்கு மீன்கடை இருக்கிறது.

உரிமம் ஆளாளுக்குத் தனித்தனி. ஏரிக்குப் பணம் கட்டியது வேறு, சுற்றுச்சூழல் முகமையின் தூண்டில் உரிமம் வேறு. 13 வயது முதல் கட்டாயம். 13 முதல் 16 வரை இலவசம், ஆனாலும் எடுத்து வைத்திருக்க வேண்டும். சாதாரண உரிமத்தில் இரண்டு தூண்டில், மூன்று போட வேண்டுமானால் அதற்குரிய உரிமம். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண் வரை போகலாம். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை பிடிக்கத் தடை. பெரும்பாலான ஏரிகளுக்கு அந்தத் தடை இல்லை, சில பாதுகாக்கப்பட்ட ஏரிகளுக்கு உண்டு. முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். முட்டையிடும் காலத்தையும் கேளுங்கள். மே கடைசி, ஜூனில் தண்ணீரின் வெப்பம் 18 பாகை செல்சியஸைத் தாண்டும்போது கெண்டைகள் கரையோர நாணலில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு தண்ணீரை அடிக்கும். அதைப் பார்த்தால் எல்லாத் தூண்டிலும் வெளியே வர வேண்டும். கட்டிய பணம் போனது போனதுதான்.

வந்து இறங்கியதும் சாமான்களை வண்டியிலேயே விட்டுவிட்டு ஏரியைச் சுற்றுங்கள். ஒரு மணி நேரமாவது. கார்க் கதவை அறைந்து சாத்தாதீர்கள். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து முப்பது மீட்டரில் இருக்கும் மீனுக்கு அது போதும், வெகு நேரம் அந்தப் பக்கம் வராது. எதைத் தேட வேண்டும் என்றால், மீன் மேலே புரள்வது, நாணல் தண்டு காற்றில்லாமல் ஆடுவது, ஒரு திட்டு மட்டும் கலங்கிக் கிடப்பது, குமிழி. ஊசிமுனை அளவில் பொருபொருவென்று நுரைபோல எழும் குமிழி பெரும்பாலும் டெஞ்ச். கொத்தாக, பெரிதாக எழுந்து நகர்ந்துகொண்டே போனால் கெண்டை சேற்றைக் கிண்டுகிறது. ஒரே இடத்தில் விட்டுவிட்டு, நகராமல் எழுந்தால் அது அடியிலிருக்கும் அழுகலிலிருந்து வரும் வாயு. அதற்குப் பின்னால் ஒரு நாளை வீணாக்கியவர்கள் பலர்.

காற்றையும் பாருங்கள். புதிதாகக் கிளம்பிய வெதுவெதுப்பான தென்மேற்குக் காற்று எந்தக் கரையில் மோதுகிறதோ அங்கே கெண்டை போகும். குளிர்ந்த வடகிழக்குக் காற்று என்றால் அதற்கு முதுகைக் காட்டும் மறைவுப் பக்கம். வசந்தத்தின் தொடக்கத்தில் வெயில் விழும் ஆழமற்ற வடகரை முதலில் சூடேறும்.

சுற்றி முடித்த பிறகே சீட்டுக் குலுக்கல். உட்காரும் இடத்தை இங்கே ஸ்விம் என்பார்கள். ஒன்று முதல் ஆறு வரை எண் எழுதிப் பைக்குள் போட்டு எடுத்தால், எண் ஒன்று வந்தவர் முதலில் இடம் தேர்ந்தெடுப்பார். சுற்றாமல் சீட்டு எடுத்தால் முதல் எண் கிடைத்தவர்கூட வண்டிக்குப் பக்கத்து ஸ்விம்மில்தான் உட்காருவார். நல்ல நண்பர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் இடமும் இதுதான். அதனால் சனிக்கிழமை மதியம் தலைகீழ் வரிசையில் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று முதலிலேயே பேசி வைப்பது நல்லது.

இடம் முடிவானதும் தண்ணீரைப் பங்கு போட வேண்டும். ஆறு ஏக்கர் என்றால் சுமார் 24,000 சதுர மீட்டர், ஆளுக்கு ஒரு ஏக்கர். எதிர்க்கரையில் அடையாளம் காட்டுங்கள்: இந்த வில்லோ மரத்திலிருந்து அந்தச் சாய்ந்த கம்பம் வரை உன்னுடையது என்று. எதிரெதிரே இருப்பவர்கள் ஏரியின் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டாம். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. ஒருவர் மீன் பிடிக்கும்போது அது இரண்டு பேருடைய நரம்புக்குள் புகுந்தால் மீனும் போகும், மூவரும் அரை மணி நேரம் இருட்டில் சிக்கெடுக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், நீருக்குள் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய நரம்பில் உரசும் கெண்டை அந்தப் பகுதியையே விட்டுப் போய்விடும். நரம்பு இழுபட்டால் ஒலிக்கும் அலாரம் ஒரு தடவை பீப் என்று அடித்து நின்றால் பெரும்பாலும் இதுதான்.

அடியைப் பார்க்க ஆறு பேரும் மார்க்கர் தூண்டில் வீசக் கூடாது. ஒருவர் போதும். மூன்று அவுன்ஸ் வெற்று ஈயமும் பின்னல் நரம்பும் கட்டி வீசி, இழுக்கும்போது விரலில் படுவதைப் படிக்க வேண்டும். சரளை என்றால் டக் டக் என்று தட்டும். சேறு என்றால் ஈயம் விழும்போது தட்டே தெரியாது, இழுத்தால் பிசினில் மாட்டியதுபோல் இறுகி விடும். பாசி என்றால் கனத்து, வளைந்து, திடீரென்று விடும். மிதவையைக் கட்டி ஓரடி ஓரடியாக நரம்பு விட்டு எண்ணினால் ஆழம் தெரியும். சரளைக் குழிகளில் நீளமான மேடுகள் இருக்கும், இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளம். மேட்டின் உச்சியை விட, சரிவு முடிந்து சேறு தொடங்கும் விளிம்புதான் எங்கள் தேர்வு. சரிந்து வரும் இரை அங்கே தங்கும்.

தூரத்தை எல்லாரும் ஒரே அளவில் சொல்ல வேண்டும். 12 அடி இடைவெளியில் இரண்டு குச்சி நட்டு அவற்றைச் சுற்றி நரம்பை எண்ணுவது வழக்கம். ஒரு சுற்று நான்கு கஜம், பத்துச் சுற்று நாற்பது கஜம். எண்ணி முடித்ததும் ரீலின் கிளிப்பில் நரம்பை மாட்டி வீசினால் அதே இடத்தில் விழும். இங்கே ஒன்று தவறினால் மீனுக்கே ஆபத்து: வீசி முடித்ததும் நரம்பைக் கிளிப்பிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். எடுக்காமல் தூங்கப் போனால், நள்ளிரவில் ஓடும் கெண்டை நரம்பை அறுத்துக்கொண்டு முள்ளோடு போகும். இல்லை, தூண்டிலே தண்ணீருக்குள் போகும். கிளிப்பில் மாட்டிய இடத்தில் ஒரு சிறு ரப்பர் நூல் கட்டி வைத்தால் மறுபடி அளக்க வேண்டாம். கூட்டத்தில் அரட்டை அடித்துக்கொண்டே வீசுபவர்கள்தான் இதை மறப்பார்கள்.

இப்போது இரை. ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே வாளிக் கணக்கு வையுங்கள். மேலே சொன்ன ஏரிக்கு, ஜூனில், முதல் மாலைக்கு மொத்தம் மூன்று கிலோ பாய்லி, நான்கு கிலோ வெந்த ஹெம்ப் விதை. அதாவது ஆளுக்கு அரை கிலோ பாய்லி. மீன் வந்தால் வந்த ஸ்விம்முக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். வராத இடத்தில் மேலும் கொட்டுவது, பசியில்லாதவன் இலையில் சோறு போடுவது போலத்தான். மார்ச், ஏப்ரலில் தண்ணீர் 10, 12 பாகை இருக்கும்போது அதில் கால்பங்கு போதும். நீரில் கரையும் பிவிஏ பையில் கைப்பிடி அளவு துகள் இரை போட்டு முள்ளோடு சேர்த்து வீசினால் அதுவே தீனி. பிவிஏவை ஈரக் கையால் தொட்டால் கையிலேயே கரையும். மழையில் இதற்கென்று ஒரு துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

விதைகளைச் சரியாக வேகவைப்பது தவிர்க்க முடியாத கடமை. ஹெம்ப் ஒரு நாள் ஊறி, இருபது முப்பது நிமிடம் கொதித்து, வெடித்து வெள்ளை முளை எட்டிப் பார்க்க வேண்டும். மக்காச்சோளமும் டைகர் நட் என்ற கோரைக்கிழங்கும் குறைந்தது 24 மணி நேரம் ஊறி அரை மணி நேரம் கொதிக்க வேண்டும்; கல்போல் இருந்தால் இன்னும். அரைகுறையாய் வெந்த விதை மீனின் வயிற்றுக்குள் உப்பும். நிலக்கடலையைப் பல ஏரிகளில் முற்றிலும் தடை செய்திருக்கிறார்கள்; கொண்டு வராதீர்கள்.

பன்னிரண்டு தூண்டிலையும் கெண்டைக்கே போடாமல், இரண்டு பேராவது டெஞ்சுக்குப் போடலாம். கெண்டைக்கு 12 அடித் தூண்டில், இரண்டே முக்கால் முதல் மூன்று ராத்தல் டெஸ்ட் கர்வ் (தூண்டிலை முழுதாக வளைக்கத் தேவையான எடை), 15 ராத்தல் நரம்பு, ஆறாம் எண் முள். டெஞ்சுக்கு ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் ராத்தல் தூண்டில், 8 அல்லது 10 ராத்தல் நரம்பு, பத்து அல்லது பன்னிரண்டாம் எண் முள், மூன்று அங்குலக் குட்டை நரம்பு, புழு நிரப்பும் ஃபீடர் (நரம்பில் கட்டும் சிறு இரைக்கூடு). விடிகாலை நான்கு முதல் ஒன்பது வரை டெஞ்சின் நேரம். அதுவரை அரை மணிக்கு ஒரு முறை ஃபீடரை நிரப்பி அதே இடத்தில் விழவைக்க வேண்டும். ஆகையால் டெஞ்சுக்காரர்களை ஏரியின் ஒரு முனையில் அடுத்தடுத்து உட்கார வையுங்கள். கெண்டைக்குக் காத்திருப்பவர் பக்கத்தில் தொப் தொப் என்று ஃபீடர் விழுந்துகொண்டிருந்தால் அவருக்கு அன்று விடுமுறைதான்.

முள்ளில் குத்தாமல், அதையொட்டிய சிறு நூலில் உருண்டையைத் தொங்கவிடும் கட்டுதான் ஹேர் ரிக். அதில் பார்க்க வேண்டியவை இரண்டு. உருண்டைக்கும் முள்ளின் வளைவுக்கும் இடையே ஐந்து மில்லிமீட்டர் இருக்கட்டும். உருண்டை முள்ளை ஒட்டினால் முள் திரும்பிக் குத்தாது. முள்முனையைக் கட்டைவிரல் நகத்தில் இழுத்தால் பிடிக்க வேண்டும், வழுக்கினால் மாற்றிவிடுங்கள். சரளையில் ஒரு முறை விழுந்தாலே முனை மடங்கும். ஈயத்தை லெட் கிளிப்பில் மாட்டும்போது பின்னால் வரும் ரப்பரை முழுதாக இறுக்கித் தள்ளாதீர்கள். நரம்பு அறுந்துவிட்டால் ஈயம் கழன்று விழ வேண்டும். கழலாவிட்டால் மீன் அந்த ஈயத்தை இழுத்துக்கொண்டு பாசியில் மாட்டிக் கிடந்து சாகும். எல்லாருடைய ரிக்கையும் இன்னொருவர் கையால் இழுத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. 0.06 முதல் 28.35 கிராம் வரை எடையுள்ள ஈயக்குண்டுகள் அன்னப்பறவைகளைக் காப்பதற்காக 1987 முதல் இங்கே தடை. ஒரு அவுன்ஸுக்கு உட்பட்டதற்கு ஈயமில்லாத மாற்று வாங்குங்கள்.

இரவுக்கு வருவோம். பிவ்விக் கூடாரத்தின் ஆணியைச் சுத்தியலால் அடிக்காமல் காலால் மிதித்தோ திருகியோ இறக்குங்கள். அந்த அதிர்வு நிலம் வழியாக நேராகத் தண்ணீருக்குள் போகும். சமையலும் சாய்வு நாற்காலியும் அரட்டையும் கரையிலிருந்து நாற்பது மீட்டராவது பின்னால், ஒரே இடத்தில் இருக்கட்டும். கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்கக் கூடாது, அணைந்த பார்பிக்யூவைக்கூடக் குளிருக்காக உள்ளே இழுக்கக் கூடாது; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தலைவிளக்கு சிவப்பு வெளிச்சத்தில். அலாரத்தை ஒவ்வொருவரும் வேறு சுருதியில் வைத்து, சத்தத்தைக் குறைத்து, ரிசீவரைத் தலைமாட்டில் வையுங்கள். மேலே மின்கம்பி போகும் இடத்தில் உட்காரவே வேண்டாம். கார்பன் தூண்டில் மின்சாரத்தைக் கடத்தும், 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது இங்குள்ள அறிவுரை. கரையோர எலிகளின் சிறுநீரால் லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம், கையில் வெட்டு இருந்தால் மூடுங்கள், சாப்பிடுமுன் கழுவுங்கள்.

பெரிய மீன் இருட்டில் வரும்போது மூன்று பேர் போதும்; ஆறு பேரும் ஓடி வந்தால் அந்த ஸ்விம் செத்தது. ஒருவர் தூண்டில், ஒருவர் வலை, ஒருவர் மீனைக் கிடத்தும் மெத்தை. மீன் வலைக்குள் வந்ததும் தூக்காதீர்கள். அது தண்ணீரிலேயே மூச்சு வாங்கட்டும். அதற்குள் மெத்தையை நனைத்து, எடைப்பையை நனைத்துத் தராசில் மாட்டிப் பூஜ்யத்தில் வைத்து, கேமராவைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு முள் கட்டிய நரம்பை வெட்டிவிட்டு, வலையின் கைப்பிடியைக் கழற்றி, வலைத்துணியைச் சுருட்டி, இரு கரங்களும் சேரும் குறுக்குக் கட்டையைப் பிடித்துத் தூக்க வேண்டும். கைப்பிடியோடு தூக்கினால் 30 ராத்தலில் கட்டை முறியும். தூக்குமுன் விரல்விட்டுத் தடவி மார்புத் துடுப்புகள் இரண்டும் உடலோடு படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். முன்னோக்கி மடங்கிய துடுப்பு மீனின் எடை விழுந்ததும் ஒடியும். முள் இருந்த இடத்தில் ஒரு சொட்டுக் கிருமிநாசினி. படம் எடுக்கும்போது மெத்தைக்கு மேலேயே முழங்காலிட்டு, மீனைத் தாழ்வாகப் பிடியுங்கள். நின்றுகொண்டு மீனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்பவருக்கு வலையை யாரும் நீட்டக் கூடாது. விடும்போது நிமிர்த்திப் பிடித்திருங்கள், அது தானாக உதைத்துப் போகட்டும்.

சனிக்கிழமை பதினொன்றுக்கு, வெயில் ஏறியதும், எல்லாரும் தூண்டிலை வெளியே எடுத்துவிடுங்கள். மாலை நான்கு வரை தண்ணீரில் ஒரு நரம்புகூட இருக்கக் கூடாது. புதிதாக வருபவர்கள் முகம் சுளிப்பார்கள்: கட்டிய பணத்துக்கு ஐந்து மணி நேரம் சும்மாவா? பொது ஏரியில் தனி ஆள் தன் தூண்டிலை எடுத்தாலும் பக்கத்துக்காரன் எடுக்க மாட்டான். முழு ஏரியையும் எடுத்திருக்கும் குழுவால் மட்டுமே ஏரிக்கு ஓய்வு கொடுக்க முடியும். கோடை நடுப்பகலில் மீன் எப்படியும் பெரிதாக மேயாது. நரம்பில்லாத தண்ணீரில் அவை மறுபடி கரையோரம் வரும், எங்கே வருகின்றன என்பது உங்களுக்கும் தெரியும். சமையல், தூக்கம், இடமாற்றம், மறுபடி ஒரு சுற்று எல்லாம் அந்த நேரத்தில். சனி மாலை ஐந்துக்கும் ஞாயிறு காலை எட்டுக்கும் இடையில் வரும் மீன்களுக்குப் பாதிக் காரணம் இந்த ஐந்து மணி நேரம் என்பது எங்கள் தீர்மானம்.

ஞாயிறு காலை மிச்ச இரையைத் தண்ணீரில் கொட்டாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அறுந்த நரம்புத் துண்டுகளைச் சிறிதாக வெட்டிப் பையில் போடுங்கள். நாமக்கோழியின் காலில் சுற்றிக்கொள்வது இதுதான். வலை, மெத்தை, எடைப்பை மூன்றையும் ஏரிக்காரரின் கிருமிநாசினித் தொட்டியில் முக்குவது வந்தபோதும் போகும்போதும் கட்டாயம். கெண்டைகளைக் கொல்லும் கோய் ஹெர்ப்பீஸ் வைரஸ் தண்ணீர் 16 பாகையைத் தாண்டியதும் வேலை செய்யத் தொடங்கும், ஈர வலையில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போகும். தொட்டியில் முக்கிவிட்டோம் என்று ஈரத்தோடு உறைக்குள் திணித்துக் கராஜில் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்குப் போனதும் விரித்து வெயிலில் தொங்கவிட்டு, தையல் மடிப்புகள் வரை காய்ந்த பிறகு மடியுங்கள்.